சீர்வரிசையில் வைத்த நீலத் தட்டு

எனக்கு வயது எண்பத்து மூன்று. வளர்த்தது ஏழு. பெற்றது எத்தனை, வளர்த்தது எத்தனை என்று பிரித்துக் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. ஏழு என்றால் ஏழுதான். இந்த ஒரு தடவை மட்டும் பிரித்துச் சொல்கிறேன், சொல்லாவிட்டால் விஷயம் விளங்காது. ஐந்து என் வயிற்றில் பிறந்தது. இரண்டு என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனது. அந்த இரண்டில் மூத்தவள் கல்யாணத்தில் ஒரு பீங்கான் தட்டுக்காக நான் போட்ட சண்டையைத்தான் சொல்லப் போகிறேன். எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கு வரும். நீளமாக எழுத வராது. அதனால் பேத்தி எழுதுகிறாள். வார்த்தை என்னுடையது.

நாங்கள் மலாய் நாட்டில், காஜா பேராங்கில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு முனிசிபலில் வேலை. நான் ஒரு பாபா வீட்டில், அதாவது மலாய் பேசும் பழைய சீனக் குடும்பத்தில், துணி துவைத்து, வீடு துடைத்து வந்தேன். பெரிய நீள வீடு. முன் வாசல் ஒரு சடக்கில் இருந்தால் பின் வாசல் கடலைப் பார்த்து இருக்கும். நடுவில் வானம் தெரியும் முற்றம். அந்த வீட்டு எஜமானியை எல்லாரும் பீபிக் என்றுதான் கூப்பிடுவோம். பாபா வீடுகளில் பெரிய பொம்பளைகளுக்கு அதுதான் மரியாதைப் பேச்சு. அந்த அம்மாளுக்குச் சீனம் ஒரு வார்த்தை தெரியாது. எல்லாம் மலாய்தான். எனக்கும் மலாய்தான். இரண்டு பேருக்கும் அது சொந்தப் பேச்சில்லை என்றாலும் திட்டவும் சிரிக்கவும் போதுமாக இருந்தது.

அந்த வீட்டில் பீங்கான் மட்டும் இரண்டு அலமாரி. ஒன்றில் ரோஜா நிறமும் பச்சையுமாகப் பளபளவென்று. பூவும், பெரிய வால் வைத்த பறவையுமாகப் போட்டிருக்கும். கல்யாணம், பிறந்தநாள், சீனப் புத்தாண்டு என்றால் அது வெளியே வரும். இன்னொரு அலமாரியில் நீலமும் வெள்ளையும். வீட்டில் சாவு விழுந்தால் கலர்ப் பீங்கானை எல்லாம் பூட்டிவிட்டு நீலத்தை எடுப்பார்கள். துக்கம் முடியும் வரைக்கும் வீட்டார் அதில்தான் சாப்பிட வேண்டும். இது அவர்கள் வழக்கம். அந்தத் தெருவில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பார்த்தே அங்கே யாரோ தவறிவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஜப்பான்காரன் காலத்தில் பீபிக்கின் புருஷனை ஒருநாள் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. சடலமும் வரவில்லை. பீபிக் எத்தனையோ நாள் காத்திருந்து பார்த்துவிட்டு, ஒரு காலையில் தானே எழுந்து போய்க் கலர் அலமாரியைப் பூட்டினாள். அதற்கு முந்திதான் என் நாத்தனார் புருஷனை ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவனும் வரவில்லை. நாத்தனார் காய்ச்சலில் போனாள். அவள் பிள்ளைகள் இரண்டும் என் வீட்டுக்கு வந்தன. பெண்ணுக்கு நாலு வயது இருக்கும். கைகால் குச்சி, வயிறு மட்டும் பானை. சின்னவன் கைக்குழந்தை. எனக்கு அப்போது சொந்தப் பிள்ளை கிடையாது.

வீட்டில் ஒன்றும் இல்லாத நாளில் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு பீபிக் வீட்டுப் பின்வாசலுக்குப் போவேன். துவைக்கத் துணியே இருக்காது. இருந்தாலும் போவேன். பீபிக் என்னை ஏனென்று கேட்க மாட்டாள். தனக்கு வைத்த கஞ்சியில் பாதி, அல்லது அவித்த மரவள்ளி, மேலே ஒரு துண்டு கருவாடு, ஒரு பெரிய நீலத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து படியில் வைப்பாள். குழிவான தட்டு. நடுவில் ஒரு மீன், சுற்றிலும் கொடி. இந்தப் பெண் மீன் தெரிகிற வரைக்கும் தலை நிமிராது. எனக்கும் அதில்தான். பீபிக்குக்கும் அதில்தான். தகரக் குவளையில் ஊற்றிக் கொடுத்திருக்கலாம், நிறைய வீடுகளில் அப்படித்தான் கொடுத்தார்கள். பீபிக் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. அதனால்தான் சொல்கிறேன், அந்தத் தட்டு எனக்கு வெறும் தட்டில்லை.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். பிறகு அவனும் போகப் போகிறான் என்று ஆனது. மெர்டேக்கா தேதியை, அதான் சுதந்திர நாளை, பண்டார் ஹிலிர் திடலில் வந்து சொன்னபோது நானும் கடைசிப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தில் நின்றேன். பீபிக்கின் மகன்கள் சிங்கப்பூரில் குடியேறிவிட்டார்கள். தாயையும் கூட்டிக்கொண்டு போக முடிவு. அந்த வீட்டுச் சாமான்களில் பெரும்பகுதியை ஊர் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு அலமாரிப் பீங்கானில் மகன்கள் எடுத்துக்கொண்டது போக மீதியும், சுவரில் தொங்கிய மலைப்படங்களும், முன்னோர் படமும் எல்லாம். பழைய பேப்பரும் வைக்கோலும் வைத்துக் கட்டியது நான்தான்.

பெட்டி மூடுவதற்கு முன்னால் பீபிக் கூப்பிட்டாள். "உன் பெரிய பொண்ணுக்குக் கல்யாணம் வருதே, ஒரு தட்டு எடுத்துக்கோ" என்று ரோஜா நிறத்தைக் காட்டினாள். வால் நீண்ட பறவை போட்டது, அந்த அலமாரியிலேயே அதுதான் அழகு. நான் பக்கத்துப் பெட்டியிலிருந்து மீன் போட்ட நீலத் தட்டை எடுத்தேன்.

"பைத்தியமா உனக்கு? அது சாவுத் தட்டு" என்றாள் பீபிக்.

"செத்தவங்க யாரும் இதுல சாப்பிடல. நாமதான சாப்பிட்டோம்" என்றேன்.

பீபிக் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, தட்டைச் சுற்றி என் கையில் கொடுத்தாள். அவள் அழவில்லை. நானும் அழவில்லை. எங்களுக்கு வேலை கிடந்தது.

மாப்பிள்ளை வீடு புக்கிட் பாருவில். பையன் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவன், குனிந்த தலை நிமிராதவன். தாய் அப்படி இல்லை. மூக்குத்திக் கல் மின்ன, தெரு முனையிலேயே குரல் கேட்கும். பரிசம் போட வந்த அன்று அவர்கள் தட்டுகளைக் கொண்டுவந்து ஒரு பக்கம் வைத்தார்கள். எங்கள் தட்டுகள் எதிரே. மற்றதெல்லாம் கோயிலில் இரவல் வாங்கிய பித்தளைத் தாம்பாளம். நடுவில் நீலத் தட்டு. அதில் பெண்ணுக்கு நாங்கள் எடுத்த சேலை, மஞ்சள் கொம்பு, வெற்றிலை, பாக்கு. எனக்கு இருந்த ஒரே நல்ல பொருள் அதுதான். நடுவில் வைக்காமல் வேறு எங்கே வைப்பேன்?

சம்பந்தியம்மா ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நீலத் தட்டுக்கிட்டே வந்ததும் நின்றாள்.

"இது என்னா தட்டு?"

"பீபிக் குடுத்தது. பழைய சீனப் பீங்கான்" என்றேன்.

"பழசுன்னு தெரியுது. நானும் பண்டார் ஹிலிர்ல பாபா வீட்டுல ஆயாவா இருந்தவதான். எங்கிட்டயா? இது துட்டி வீட்டுத் தட்டுல்ல?"

என் வீட்டுக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"சீனங்களுக்குத்தான துட்டி? நமக்கென்ன?" என்றேன்.

"நமக்கென்னவா? கல்யாணச் சேலையத் தூக்கி எழவுத் தட்டுல வெச்சிருக்கீங்க, நமக்கென்னவாம்! ஏன் சம்பந்தி, நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க வயித்துப் பிள்ளையா இருந்தா இதுல வெப்பீங்களா?"

கேட்டுவிட்டாள். எல்லாருக்கும் முன்னால். பெண் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதினான்கு வருஷம் யாரும் அந்தப் பெண் காதுபட அப்படி ஒரு வார்த்தையைச் சொன்னதில்லை, நான் சொல்ல விட்டதில்லை.

"என் வயித்துப் பிள்ளைக்குக் குடுக்க இன்னொண்ணு இல்லையேன்னுதான் எனக்குக் கவல" என்றேன். "தட்டு அங்கதான் இருக்கும்."

"அப்ப இந்தத் தட்டு எங்க வாசப்படி ஏறாது. நீங்க யோசிச்சு ஆளனுப்புங்க" என்று சொல்லிவிட்டு, கலந்து வைத்த கோப்பியைத் தொடாமல் எழுந்தாள். அவர்கள் கொண்டுவந்த தட்டுகளைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல். பாதிக் கயிறு அறுந்து பாதிக் கயிறு தொங்கியது.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் பேசினது இருக்கிறதே! "இந்தா பாரு, தாம்பாளம் கோயில்ல இன்னொண்ணு குடுப்பாங்க. மாத்தி வெச்சா முடிஞ்சுபோச்சு. என் தங்கச்சி மக வாழ்க்கை இது."

"உங்க தங்கச்சி மகதான். மாத்தி வெச்சா அந்தப் பொம்பள சொன்னது உண்மைன்னு ஆயிடும். வேறாளு பிள்ளைக்கு ஒண்ணுக்கும் ஆகாததத் தள்ளிவிட்டேன், பிடிபட்டதும் மாத்திட்டேன்னு ஊரு பேசும். காலத்துக்கும் அவ அந்த வீட்டுல அந்தப் பேச்சக் கேட்டுட்டு இருப்பா."

"நீ பிடிச்ச பிடியிலேயே நிப்ப."

"நிப்பேன்."

அந்த வாரமே மியூசியத்திலிருந்து ஆள் வந்தது. கால்சட்டை போட்ட மலாய்க்காரத் தம்பி. நல்ல பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான், கொடுத்த தண்ணீரைக் குடித்தான். நீலத் தட்டுகள் ஒரே மாதிரி ஒரு வரிசை இருக்கிறதாம். அதில் ஒன்று குறைகிறதாம். பீபிக்கின் மகனைக் கேட்டதற்கு, அம்மா அதை ஆச்சிக்கு, அதாவது எனக்கு, கொடுத்தாள் என்று சொன்னானாம்.

"யாரும் தப்பாச் சொல்லல, ஆச்சி. ஆச்சிக்குக் குடுத்தது ஆச்சிக்குத்தான். ஆனா வரிசை முழுசா இருந்தா நல்லா இருக்கும். அதனால பீபிக் மகன் தன் பங்குல இருந்து இத மாத்திக்கக் குடுத்திருக்காரு" என்று மலாயில் சொல்லிவிட்டுப் பையைத் திறந்தான்.

அந்த ரோஜா நிறத் தட்டேதான். வால் நீண்ட பறவை.

என் வீட்டுக்காரருக்குச் சாமியே நேரில் வந்த மாதிரி. எழுந்து நின்றுவிட்டார். கல்யாணத் தட்டு வீடு தேடி வருகிறது, சாவுத் தட்டு மரியாதையாக வெளியே போகிறது, சம்பந்தி வாயும் அடைபடுகிறது. இதைவிட என்ன வேண்டும்?

"வேணாம் தம்பி" என்றேன்.

"ஏண்டி!" என்றார் இவர், மலாய்க்காரத் தம்பி இருப்பதையும் மறந்து.

நான் பெண்ணைக் கூப்பிட்டேன். அவளைக் கேட்காமல் எப்படி முடிவு செய்வது? வந்து நின்றாள். இரண்டு தட்டையும் அவள் முன்னால் வைத்தேன். "இதுல கஞ்சி குடிச்சது ஞாபகம் இருக்கா?"

பொய் சொல்ல மாட்டாள் அவள். "தட்டு ஞாபகம் இல்ல அத்த. பசி ஞாபகம் இருக்கு" என்றாள். கொஞ்சம் நின்று, "ரோஜாக் கலருதான் அழகா இருக்கு" என்றாள்.

இவர் சிரித்துவிட்டார்.

"ஆனா அவங்க சொன்னதுக்காக மாத்தினா எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்" என்றாள். "இன்னிக்குத் தட்ட மாத்தச் சொல்றாங்க. நாளைக்கு நான் உன்ன அத்தன்னு கூப்பிடணுமா, அம்மான்னு கூப்பிடணுமான்னு அவங்கதான் சொல்லுவாங்க."

வார்த்தை அப்படியே. பதினெட்டு வயதுப் பெண். இவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் ரோஜாத் தட்டை மறுபடி பையில் போட்டு அந்தத் தம்பியிடம் கொடுத்தேன். பாவம், அவனுக்குத் தமிழ் தெரியாது, எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். மனம் மாறினால் சொல்லுங்கள், எப்போதும் வரலாம் என்றான். மியூசியத்தைச் சும்மா வந்து பாருங்களேன் என்றான்.

போய்ப் பார்த்தேன். தனியாகத்தான் போனேன். டச்சுக்காரன் காலத்துக் கட்டடம், சுவர் ஒரு ஆள் படுக்கிற அகலம். மேலே பலகைத் தரை. பீபிக்கின் சாமான்கள் ஒரு அறை முழுக்க. முன்னோர் படத்தைத் தனியே தொங்கவிட்டிருந்தார்கள், முன்னால் ஊதுபத்தி இல்லாமல் அந்தக் கிழவர் யாரோ மாதிரி உட்கார்ந்திருந்தார். மலைப்படங்கள் வரிசையாக. பீங்கான் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள். ரோஜா நிறம் ஒரு பெட்டி, நீலம் ஒரு பெட்டி. நீலத்தில் மீன் போட்ட தட்டுகள் சாய்த்து நிறுத்தியிருந்தன. ஒன்றுக்கு இடம் விட்டு வெறும் மரத் தாங்கி மட்டும் நின்றது.

நன்றாகத்தான் வைத்திருந்தார்கள், குறை சொல்ல மாட்டேன். தூசி இல்லை. ஆனால் எத்தனை நேரம் பார்த்தும் பீபிக் வீட்டுத் தட்டுகள் என்றே எனக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டில் எப்போதும் பெலாச்சான் என்கிற இறால் விழுதை வறுக்கிற வாசம் இருக்கும். பீபிக் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாள். அங்கே மூச்சு விட்டால் எனக்கே கேட்டது. அந்த வெறும் தாங்கியைப் பார்த்து, உனக்கு வேறு தட்டு பார்த்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

இதற்குள் ஊரில் பேச்சு பரவிவிட்டது. துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் விளக்குப் போட வந்த பொம்பளைகள் எல்லாருக்கும் தெரியும். மியூசியத்துக்காரன் காரில் வந்தானாம், காலில் விழாத குறையாகக் கேட்டானாம், அவள் கொடுக்க மாட்டேன் என்றாளாம். கார் ஏது, சைக்கிளில் வந்த பிள்ளை. நான் திருத்தவில்லை.

ஒரு மத்தியானம் சம்பந்தியம்மா வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"என்னா சம்பந்தி, வெயில் கொளுத்துது" என்று தானே உள்ளே வந்து உட்கார்ந்தாள். அன்றைக்குத் தொடாத கோப்பியை இன்றைக்குக் கேட்டு வாங்கிக் குடித்தாள். பிறகு, "அந்தத் தட்டு... மியூசியத்துல கேட்டாங்களாமே?"

"கேட்டாங்க."

"துரை வீட்டு ஆளுங்களே வந்து பாக்குறாங்களாம் அங்க. நானும் யோசிச்சேன். சீனங்க சாங்கியம் நமக்கெதுக்கு? நீங்க அன்னிக்கே சொன்னீங்க, எனக்குத்தான் பிடிபடல. தட்டு வரட்டும். கூடத்துல கண்ணாடி அலமாரி ஒண்ணு இருக்கு, அதுல வெச்சிருவோம். வர்றவங்க போறவங்க பாக்கட்டும்."

எனக்கு வந்ததே கோபம்! முதலில் வேண்டாம் என்றபோதுகூட அவ்வளவு வரவில்லை.

"எழவுத் தட்டுன்னீங்களே."

"அட, வாய் தவறி வந்துருச்சு."

"வாய் தவறல. எழவுத் தட்டுதான் அது. நான் எப்பயாவது இல்லன்னு சொன்னேனா? எழவு விழுந்த வீட்டுலதான் என் பிள்ளைக்குச் சோறு போட்டாங்க. இந்தத் தட்டுலதான் போட்டாங்க. அதுக்காகத்தான் குடுக்குறேன். மியூசியத்துக்காரன் கேட்டான்னு குடுக்கல. அலமாரில வெக்கிறதுன்னா அவனுக்கே குடுத்திருப்பேன், உங்க வீட்டவிட அங்க தூசி கம்மி."

சம்பந்தியம்மா கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப என்னாதான் செய்யச் சொல்றீங்க?"

"அவ உங்க வீட்டுக்கு வர்ற அன்னிக்கு அவளுக்கு முதல் சோறு இந்தத் தட்டுல நீங்க போடணும். உங்க கையால. உங்க சொந்தபந்தம் எல்லாம் பாக்கணும்."

"நானா?"

"என் வயித்துப் பிள்ளையான்னு கேட்டீங்கல்ல? உங்க வயித்துப் பிள்ளைக்குப் போடுற மாதிரி போடுங்க. அதுக்கப்புறம் அந்தத் தட்ட அலமாரில வெப்பீங்களோ, ஆட்டுக்குத் தண்ணி வெப்பீங்களோ, நான் கேக்க மாட்டேன்."

அவள் எழுந்தாள். முறிந்தது என்றுதான் நினைத்தேன். சமையற்கட்டு வாசலில் பெண் நின்றுகொண்டிருந்தாள், உள்ளே போகவில்லை. சம்பந்தியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்க அத்தைக்கு வாயி காஜா பேராங்குல இருந்து புக்கிட் பாரு வரைக்கும் இருக்கு" என்றாள்.

"ஆமாங்க, எனக்கும் கொஞ்சம் பழக்கம்" என்றது என் பெண்.

அந்தப் பொம்பளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாழைப்பழச் சீப்பை அவள் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

கல்யாணம் மாரியம்மன் கோயிலில் நடந்தது. சாயங்காலம் புக்கிட் பாருவுக்குப் போனோம். நானும் கூடவே போனேன். கூடத்தில் பாய் விரித்துப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்திருந்தார்கள். சனம் நெருக்கி நின்றது. மாப்பிள்ளைக்கு வாழை இலை. பெண்ணுக்கு எதிரே நீலத் தட்டு. யாரோ ஒரு கிழவி, "என்னடி இது புது வழக்கம்" என்று கேட்டாள். சம்பந்தியம்மா, "எங்க வீட்டு வழக்கம், நீ சும்மா இரு" என்றாள்.

சோற்றுப் பானையைத் தானே தூக்கி வந்தாள். ஒரு கரண்டி வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை. இன்னொரு கரண்டி வைத்தாள்.

"சம்பந்தி, கொழம்பும் நானே ஊத்தணுமா?"

"ஊத்துங்க. ரசமும் இருக்குல்ல?"

கூட்டம் சிரித்தது. அவளும் ஊற்றினாள். பெண் சாப்பிட்டாள். வெட்கப்பட்டுக் கொறிக்கவில்லை, பசித்த பிள்ளை மாதிரி சாப்பிட்டாள். மறுசோறு அவள் கேட்கவில்லை, மாமியார்க்காரியே வைத்தாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்போதுதான் நான் வாசலில் கிடந்த என் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சாப்பிட்டுப் போங்கள் என்று பின்னாலேயே கத்தினாள். இன்னொரு நாள் வருகிறேன் என்றேன்.

மாமியாரும் மருமகளும் அதற்குப் பிறகு சண்டையே போடவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டாம். நிறையப் போட்டார்கள். ஆனால் வயிற்றில் பிறந்ததா என்ற பேச்சு அந்த வீட்டில் அவள் காதில் ஒருநாளும் விழவில்லை. மியூசியத் தம்பி இரண்டு தடவை சொல்லியனுப்பினான். என் பெண்ணே பதில் சொன்னாள், தட்டில் சாம்பார் இருக்கிறது, காலியாகும்போது பார்க்கலாம் என்று.

இவ்வளவுதான் நான் சொல்ல நினைத்தது. எழுதிவிட்டாயா தாயி? எங்கே, முதலிலிருந்து வாசித்துக் காட்டு, மெதுவாக. எழவுத் தட்டு என்று நான் சொன்ன இடத்தில் மரியாதைக்காக வேறு வார்த்தை ஏதாவது போட்டிருந்தால் இப்போதே அடித்துவிடு. ம், வாசி.